வேட்பாளர் நோட்டீஸ்: குமரியில் கைக்கு வரும் முன்னுரிமைப் பட்டியல் எவ்வளவு தேறும்?

இங்கே மதிப்பிடப்படுவது ஒரு காகிதம். சட்டமன்றத் தேர்தல் நெருங்கினால் குமரி மாவட்டத்தின் கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய 6 தொகுதிகளிலும் சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கடற்கரையிலும் கைக்குக் கை மாறும் நோட்டீஸ். ஒரு பக்கம் வேட்பாளர் படமும் சின்னமும். மறுபக்கம் தொகுதிக்கான முன்னுரிமைகள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரச்சினைகளை இந்த நோட்டீஸ்கள் பெரும்பாலும் சரியாகவே பிடிக்கின்றன. குளம், சானல் (பாசனக் கால்வாய்), துறைமுகம், ரப்பர், லாரி என்று ஊர் பேசுவது எல்லாமே அதில் இருக்கும். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு எம்.எல்.ஏ.வின் கைக்கு எட்டாத வேலைகள் கொட்டை எழுத்தில் முதலில் வருகின்றன. அவர் முயன்றால் 5 ஆண்டில் முடித்துக் காட்டக்கூடியவை கடைசி வரியில் பொடி எழுத்தில் கிடக்கின்றன, பல நோட்டீஸில் அதுவும் இல்லை. அதனால் எத்தனை வாக்குறுதி என்று எண்ணுவதில் பயனில்லை. ஒவ்வொரு வரியையும் எந்தத் துறை, எந்த நிதி, எந்த மாதம் என்ற மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்க வேண்டும்.

முதலில் காகிதத்தின் அடி ஓரத்தைப் பாருங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 127ஏ பிரிவுப்படி, தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த வரி இல்லாத நோட்டீஸுக்கு யாரும் பொறுப்பில்லை, நாளைக்கு “அது நாங்கள் அடித்ததே இல்லை” என்று கைகழுவிவிடலாம். அச்சக வரி இல்லையென்றால் மேலே படிக்க வேண்டியதில்லை.

அடுத்து பணம். தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், 5 ஆண்டுக்கு 15 கோடி. இதில் ஒரு பகுதி அரசே வகுத்த பணி வகைகளுக்குப் போய்விடும். உறுப்பினர் பணியைப் பரிந்துரைக்கலாம். நிர்வாக அனுமதி தருபவர் மாவட்ட ஆட்சியர், கணக்கு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில். பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதே இல்லை. இந்த 15 கோடியில் அடங்குவது அங்கன்வாடிக் கட்டடம், பள்ளி வகுப்பறை, சிறுபாலம், தெருவுக்கு காங்கிரீட், பயணிகள் நிழற்குடை அளவிலான வேலைகள்தான். ‘எனது நிதியிலிருந்து துறைமுகம் சீரமைப்பேன்’ என்று எழுதியிருந்தால் அதை எழுதியவருக்கு நிதியும் தெரியாது, துறைமுகமும் தெரியாது. அலைத்தடுப்புச் சுவர் ஒன்றே அந்த 15 கோடியைப் பலமடங்கு விழுங்கும்.

பெரிய வேலைகளுக்கு வேறு வழி உண்டு. 2022 ஆகஸ்டில் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக 234 உறுப்பினர்களிடமும் தங்கள் தொகுதியில் நீண்டநாளாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியர் வழியாகத் தரும்படி முதலமைச்சர் கடிதம் எழுதினார். கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லா உறுப்பினரிடமும் கேட்கப்பட்டது. நோட்டீஸை எடைபோட இதைவிட நல்ல படிக்கல் கிடையாது. மீண்டும் நிற்கும் உறுப்பினர் என்றால், இன்று முன்னுரிமை என்று அவர் அச்சடித்திருப்பது அன்று அவர் கொடுத்த பத்தில் இருந்ததா என்று கேளுங்கள். புதியவர் என்றால், “பத்துதான் எழுதலாம் என்றால் எந்தப் பத்தை எழுதுவீர்கள்?” என்று கேளுங்கள். 40 வாக்குறுதி அச்சடித்தவர் அந்த இடத்தில் தடுமாறினால், முன்னுரிமை என்பதை அவர் இன்னும் யோசிக்கவே இல்லை.

இனி உள்ளே போவோம். நாஞ்சில் நாட்டுப் பகுதி நோட்டீஸ் எல்லாவற்றிலும் தவறாமல் வரும் வரி: ‘குளங்கள் தூர்வாரப்படும்.’ இது மாநில அரசின் அதிகாரத்துக்குள் வருகிற வேலை, எம்.எல்.ஏ. ஓடி ஓடிச் செய்தால் நடக்கும் வேலை. ஆனால் இந்த ஒரே வரியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

குளம் யாருடையது? நீர்வளத் துறையுடையதா, ஊராட்சியுடையதா, பேரூராட்சியுடையதா? அதைப் பொறுத்து மதிப்பீடு போடும் பொறியாளர் மாறுவார். அடுத்தது எல்லை. சர்வேயர் வந்து அளந்து கல் நடாமல் தூர்வாரினால், ஆக்கிரமிப்பை விட்டுவிட்டு மீதியைத்தான் தோண்டுவார்கள். பிறகு அந்த மீதியே குளத்தின் எல்லை ஆகிவிடும். நீர்வளத் துறைக் குளங்களுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளவையும் அகற்றலும் முன்னால், மண்வெட்டி பின்னால். நோட்டீஸில் இந்த வரிசை தலைகீழாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுங்கள்.

தோண்டும் ஆழமும் முக்கியம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. நிலத்தடி ஊறலுக்கும் ஆடுமாடுகளுக்கும் உதவும், ஆனால் கும்பப்பூ நெல் சாகுபடியைக் காப்பாற்றாது. கரையின் காலடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். மடைப் பலகையும் உபரிநீர் போகும் மறுகாலும் பழுதாகக் கிடக்க, குளத்தை மட்டும் ஆழப்படுத்துவது ஓட்டைக் குடத்தைப் பெரிதாக்குவதுபோல. வேலைக்கு முன்னும் பின்னும் லெவல் (மட்ட அளவு) எடுத்து எழுதி வைக்காவிட்டால், ஒரு மழை பெய்த பிறகு எத்தனை கனமீட்டர் மண் போனது என்று எவராலும் சொல்ல முடியாது. குளத்து வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துவேன் என்று எழுதும் வேட்பாளர் உண்மையாகவே செலவைக் குறைக்க யோசித்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விட மாதம். பேச்சிப்பாறை அணையிலிருந்து வழக்கமாக ஜூன் 1-இல் தண்ணீர் திறந்து பிப்ரவரி 28-இல் அடைக்கிறார்கள். குளத்திலும் சானலிலும் இறங்கி வேலை செய்யக் கிடைப்பது மார்ச் முதல் மே வரை, அதிலும் கோடை மழை சில வாரங்களைத் தின்றுவிடும். டெண்டர் விதிப்படி 2 கோடி வரையான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அப்படியானால் மதிப்பீடு நவம்பரில் தயாராகி, அனுமதி ஜனவரிக்குள் வந்து, பிப்ரவரியில் டெண்டர் முடிந்திருக்க வேண்டும். உத்தரவு மே கடைசியில் வந்தால் அந்த ஆண்டு போயிற்று, அல்லது தண்ணீருக்குள்ளேயே பில் போடப்படும். ‘மார்ச்சில் தூர்வாரும் பணி தொடங்கும்’ என்று மாதம் குறித்த ஒரு நோட்டீஸ், ‘அனைத்துக் குளங்களும்’ என்று முழங்கும் பத்து நோட்டீஸுக்குச் சமம்.

சானலுக்கும் இதே கணக்குதான். தோவாளை சானல், அனந்தனார் சானல், சிற்றாறு பட்டணங்கால் என்று பெயர் சொல்லி, எந்தக் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை, எந்த ஷட்டர் கெட்டுக் கிடக்கிறது என்று எழுதியிருந்தால் அந்த வேட்பாளர் கரையில் நடந்திருக்கிறார் என்று நம்பலாம். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்று அணையின் முழு நீர்மட்டத்தை மட்டும் எழுதியிருந்தால், அது தினசரி நாளிதழிலேயே இருக்கிறது.

விளவங்கோட்டுப் பக்கம் வரும் ‘நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் தண்ணீர் கொண்டுவருவேன்’ என்ற வரிக்கு மட்டும் தனி எச்சரிக்கை. 2004-இல் கேரளம் தண்ணீர் விடுவதை நிறுத்தியது. விவகாரம் இரு மாநிலங்களுக்கு இடையிலானது, உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓர் எம்.எல்.ஏ. மட்டும் மடை திறக்க முடியாது. நம் பக்கத்துக் கிளைக்கால்வாய்கள் மண்மூடிப் போகாமல், ஏலா எனப்படும் வயல் நிலம் வீட்டு மனையாகாமல் காப்பதுதான் அவரால் முடிந்தது. அதை எழுதுகிறவர் நேர்மையானவர்.

இனி கடற்கரை. மீனவர் ஓட்டுக்காக அச்சாகும் நோட்டீஸைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் எப்போது என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இந்த மாவட்டத்தில் அது ஒன்றல்ல, இரண்டு. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, சின்னமுட்டம் இதில் வரும். மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் இதில் வரும். இரண்டும் 61 நாள்தான். சென்னையிலிருந்து வந்த மாதிரி வாசகத்தை அப்படியே அச்சடித்த நோட்டீஸில் ஏப்ரல் தேதி மட்டும் இருக்கும். குளச்சல்காரருக்கு அது உதவாது.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் பற்றிய வாக்குறுதியை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டி இருக்கும் இந்தத் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அலை எழும்பி, படகு கவிழ்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ‘மணல் தூர்வாரப்படும்’ என்று மட்டும் எழுதுவது போதாது. கரையோர நீரோட்டம் மணலைத் தொடர்ந்து கொண்டுவருகிறது. இன்று அள்ளினால் அடுத்த தென்மேற்குப் பருவமழைக்குள் மறுபடி மூடும். அலைத்தடுப்புச் சுவரின் நீளமும் வளைவும் சரியாக இருந்தால்தான் மணல் வாசலுக்கு வெளியே நிற்கும். அதற்கு ஆய்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி, மீன்வளத் துறையின் மதிப்பீடு, நபார்டு வழியிலான மீன்வளக் கட்டமைப்பு நிதி அல்லது மத்திய மீன்வளத் திட்டத்தின் பங்கு என்று வரிசையாக வேண்டும். கல் போடும் வேலையும் அக்டோபரிலிருந்து மே வரைதான் முறையாக நடக்கும், ஜூனில் கடல் விடாது. இவ்வளவையும் நோட்டீஸில் எழுத இடமில்லை என்றால், சுவர், தூர்வாரல், ஆண்டுப் பராமரிப்பு என்ற மூன்று சொல்லாவது இருக்க வேண்டும். மூன்றாவது சொல் இருந்தால் 5-க்கு 4 தாராளமாகத் தரலாம்.

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவரான தூண்டில் வளைவு கேட்காத கடலோரக் கிராமம் இல்லை. கேட்பதில் நியாயம் இருக்கிறது, வீடு கடலுக்குள் போகிறது. ஆனால் ஓர் ஊரில் வளைவு போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்து ஊரின் கரை அரிக்கும். ஊர் ஊராகத் தனித்தனியே வாக்குறுதி கொடுத்துக்கொண்டு போகும் நோட்டீஸ் அடுத்த ஊருக்குக் கேடு செய்கிறது. ஒரு நீட்டுக் கரையை முழுதாகப் பார்த்து வரிசைப்படி அமைப்பேன் என்பதே சரியான வாசகம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததுதான் இந்த மாவட்டத்தின் ஆறாத காயம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் ஓட்டுக் கேட்கும் எவருடைய பட்டியலிலும் படகுக்குப் படகு டிரான்ஸ்பாண்டர் (இருப்பிடமும் செய்தியும் அனுப்பும் கருவி), அது வேலை செய்கிறதா என்ற ஆண்டுச் சோதனை, கரையில் 24 மணி நேரத் தகவல் அறை ஆகியவை இல்லையென்றால் அந்த நோட்டீஸை ஏற்கவே முடியாது.

கிள்ளியூரில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் அகழ்வு பற்றிய வாக்குறுதியும் கவனிக்கத்தக்கது. ‘கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எதிர்ப்போம்’ என்று இன்னும் எழுதுகிறவர்கள் இருந்தால், 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்கள் போன்றவற்றின் சுரங்கத் திட்டங்களுக்கு அந்தக் கருத்துக் கேட்பிலிருந்தே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்ததை அவர்கள் கவனிக்கவில்லை. மாநில அரசின் கையில் இருக்கும் குத்தகை உத்தரவு, சட்டமன்றத் தீர்மானம் ஆகியவற்றைப் பற்றி வேட்பாளர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

லாரி விஷயத்துக்கு வருவோம். ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை பாறையும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் எனும் பல சக்கரக் கனரக லாரிகளால் சாலையும் உயிரும் போகின்றன. நோட்டீஸில் பெரும்பாலும் ‘கட்டுப்படுத்தப்படும்’ என்ற ஒரே சொல்தான். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சட்டம் முழுக்கக் கையில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். கூடுதல் பாரத்தை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. 115-ஆம் பிரிவுப்படி எந்தச் சாலையில் எந்த நேரத்தில் கனரக வண்டி போகக் கூடாது என்று உத்தரவிடலாம். கனிமம் கொண்டு செல்ல அனுமதிக்கும் கனிம வளத் துறை நடைச்சீட்டு இல்லாமல் ஒரு லோடு கூடப் போகக் கூடாது. ஆகவே கேட்க வேண்டியது நான்கு: சோதனைச்சாவடியில் ஓடும் நிலையில் எடை மேடை, பள்ளி நேரத் தடை, நடைச்சீட்டைச் சரிபார்க்க இரவுப் பணியாளர், மாதந்தோறும் வழக்கு எண்ணிக்கையை வெளியிடுதல். இதற்குக் கோடிகள் வேண்டாம், துணிச்சல் வேண்டும். இவ்வளவு எளிதில் நடக்கக்கூடிய ஒன்று பட்டியலின் கடைசியில் கிடப்பது இந்த நோட்டீஸ்களின் மிகப் பெரிய குறை.

மலையோரத்தில் ரப்பர். ‘ரப்பருக்கு நியாய விலை’ என்பதற்கு அப்படியே மதிப்பெண் கிடையாது. ரப்பர் வாரியம் கோட்டயத்தில், மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. இறக்குமதித் தீர்வையும் டெல்லி முடிவு செய்வது. ஆனால் கேரளம் 2015-இல் ஒரு வழி கண்டது: கிலோவுக்கு 150 ரூபாய் என்று அடிப்படை விலை வைத்து, சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைச் சிறு விவசாயியின் வங்கிக் கணக்கில் மாநில அரசு போட்டது. பிறகு அந்த அடிப்படை விலையை உயர்த்தியது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கிடைப்பது இந்தப் பக்கம் ஏன் இல்லை என்று சட்டமன்றத்தில் கேட்பேன் என எழுதும் வேட்பாளர் தன் வேலை எது என்று தெரிந்தவர். அரசு ரப்பர் கழகத் தொழிலாளர் கூலி முழுக்க மாநில அரசின் விவகாரம், அதில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்யத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949-இன் கீழ் அனுமதிக்கு அலையும் சிறு விவசாயிகள் பிரச்சினையும் அப்படித்தான்.

எந்த நோட்டீஸிலும் அநேகமாகத் தென்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் 82 சதவீத மக்கள் நகர்ப்புறத்தவர். பார்த்தால் தென்னந்தோப்பும் வாழையும்தான், காகிதத்தில் பேரூராட்சி. கிராம ஊராட்சிகள் 95 மட்டுமே. ஊரக வேலைத் திட்டம் உட்பட ஊரக வளர்ச்சித் துறையின் திட்டங்கள் பேரூராட்சிக்கு வருவதில்லை. வாழைத்தோட்டக் கூலியாள் ஊராட்சியில் இருந்தால் ஒரு நியாயம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேரூராட்சியில் இருந்தால் வேறு நியாயம். இதைத் தீர்க்க என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி இருந்தால், அந்த வேட்பாளர் இந்த மாவட்டத்தைக் காகிதத்திலும் மண்ணிலும் படித்தவர்.

மருத்துவமனைக்குக் கட்டடம் தருவேன் என்பதைவிட, ஆசாரிப்பள்ளத்திலும் தக்கலையிலும் குழித்துறையிலும் எத்தனை பணியிடம் என்பதே கேள்வி. பணியிடம் உருவாக்க நிதித்துறை ஒப்புதலோடு அரசாணை வேண்டும். அதைத் துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் சட்டமன்றத்தில் கேட்கலாம்.

ரயில் கோட்டத்தை (ரயில்வே நிர்வாகப் பிரிவை) மாற்றுவது, இரட்டைப் பாதை, நான்குவழிச் சாலை, விமான நிலையம் ஆகிய அனைத்தும் மத்திய அரசின் கையில். நான்குவழிச் சாலைக்கு நில எடுப்பும் மண் அனுமதியும் மட்டும் மாநிலத்தின் பங்கு. சட்டமன்ற வேட்பாளரின் முதல் பக்கத்தில் இவை இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

நோட்டீஸோடு சேர்த்துப் படிக்க வேண்டியது படிவம் 26, வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், அரசுக்கு வைத்திருக்கும் பாக்கி, வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்திலும் வேட்பாளரை அறிவதற்கான அதன் செயலியிலும் இலவசம். குவாரியோ லாரியோ அதில் சொத்தாக இருந்தால், லாரி பற்றிய வாக்குறுதியை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பழைய உறுப்பினர் மறுபடி நின்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுவாரியாகப் பணியின் பெயர், அனுமதித்த தொகை, அனுமதித் தேதி, முடிந்த தேதி, செலவான தொகை என்று ஐந்து நிரல் கேட்டாலே போதும். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. தேர்தல் தேதி அறிவித்த பிறகு எழுதினால் பதில் வாக்குப்பதிவுக்குள் வராமல் போகலாம், 3 மாதம் முன்பே எழுதுவது நல்லது. நோட்டீஸையும் அந்தப் பதிலையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, அடுத்த மார்ச்சில் குளத்துக்கரைக்கு எடுத்துப் போங்கள்.